கொடையாக வந்த சீர்திருத்தம்: ராஜாஜியின் மாகாண அரசியலும் தலித்துகளும்



எம்.சி.ராஜாவின் பெயரால் கூடியிருக்கும் அவையில் ராஜாஜியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது ஏற்பாட்டுத் தோழர்கள் சற்றுத் தயங்கினார்கள். தயக்கம் நியாயமானதுதான். நம் மேடைகளில் ராஜாஜியின் பெயர் 'குலக்கல்வி' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அந்தச் சொல்லைச் சொல்வோம், கைதட்டு விழும், அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவோம். அவர் ஒரு பார்ப்பனர், ஆகவே அப்படிச் செய்தார் என்பதோடு ஆய்வு முடிந்துவிடும். இந்த விளக்கத்தில் எனக்குள்ள சிக்கல், அது ராஜாஜி செய்த பாதிக் காரியங்களை விளக்காது என்பதுதான். தீண்டப்படாதவருக்காக நீதிமன்றம் ஏறியவர், பண்ணையாளுக்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தவர், மகளைச் சாதி கடந்து காந்தியின் மகனுக்கு மணம் முடித்துக் கொடுத்தவர் ஒரே ஆள்தான். அதே ஆள்தான் எம்.சி.ராஜாவின் கோயில் நுழைவு மசோதாவைத் தோற்கடித்தவர், அரை நாள் பள்ளிக்கூடம் போதும் என்றவர். இவை இரண்டும் எப்படி ஒரே அரசியலாக இருக்க முடிந்தது என்பதுதான் என் கேள்வி.

கவர்னர் ஜெனரல் ராஜாஜியும் இதிகாசம் எழுதிய ராஜாஜியும் இன்று நமக்கு வேண்டாம். சேலம் நகராட்சித் தலைவர், சென்னை மாகாணப் பிரதமர் (1937இல் மாகாண முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்), 1952இல் சென்னை மாநில முதலமைச்சர் என்ற மூன்று நாற்காலிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தலித்துகளின் வாழ்க்கையைத் தொட்ட அவருடைய முடிவுகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறந்தன.

1878 டிசம்பர் 10இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர் ராஜாஜி. சேலத்தில் வழக்கறிஞராகப் பெயரும் பணமும் சேர்த்தவர். 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் வேலையில் ஒரு தலித் தொழிலாளியை நியமித்து, வைதீகர்களின் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டார். 1925இல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, அங்கே தலித்துகளையும் சமமாகச் சேர்த்துக்கொண்டார். அதே காலத்தில் திருச்சானூர் வழக்கு வந்தது. திருப்பதிக்கு அருகில் திருச்சானூர்க் கோயிலுக்குள் போன ஒரு தலித் பக்தரை, மதத்தை இழிவுபடுத்தினார் என்று கீழ்நீதிமன்றம் தண்டித்திருந்தது. ஒத்துழையாமை இயக்கத்துக்காக வழக்கறிஞர் தொழிலைத் துறந்திருந்த ராஜாஜி, அந்த விரதத்தை ஒதுக்கிவைத்து சித்தூர் நீதிமன்றத்தில் அவருக்காக வாதாடி விடுதலை வாங்கிக் கொடுத்தார்.

இவற்றையெல்லாம் நடிப்பு என்று தள்ளிவிட முடியாது. வைதீகர்கள் அவரை மனமார வெறுத்தார்கள். எம்.கே.ஆச்சாரியா போன்ற சனாதனத் தலைவர்களுக்கு ராஜாஜி வீட்டுக்குள்ளிருந்தே முளைத்த எதிரி. ஆனால் திருச்சானூர் வழக்கின் தன்மையைக் கொஞ்சம் கவனியுங்கள். உள்ளே போன மனிதர் ஒரு பக்தர். அவருக்குக் கோயிலை இழிவுபடுத்தும் நோக்கம் இல்லை. பக்தி மேலிட்டுப் போனார், ஆகவே குற்றமில்லை. வாதம் அவ்வளவுதான். உள்ளே போக அவருக்கு உரிமை இருந்ததா என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை. வழக்கறிஞருக்கு எழுப்ப வேண்டிய தேவையும் இல்லை. ராஜாஜியின் பிற்கால அரசியலை விளங்கிக்கொள்ள இது ஒரு நல்ல முன்மாதிரி.

சமூகவியல் மாணவர்களுக்காக ஒரு சிறு விலகல். கார்ல் மான்ஹைம், மரபைக் கண்ணை மூடிக்கொண்டு பற்றிக்கொள்வதையும் பழமைவாதத்தையும் இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். முதலாவது பழக்கம், மாற்றம் வந்தால் மிரளும். இரண்டாவது யோசித்து நடத்தப்படும் அரசியல். மாற்றம் வரத்தான் போகிறது என்று அறிந்து, அது எந்த வழியாக, எந்த வேகத்தில், யார் கையால் வர வேண்டும் என்று முடிவு செய்யப் பார்க்கும். சனாதனிகள் முதல் வகை, ராஜாஜி இரண்டாம் வகை. தீண்டாமை போக வேண்டும் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அதைப் போக்குகிற அதிகாரம் சாதி இந்துவின் மனச்சான்றில் இருக்க வேண்டும். தீண்டப்படாதவரின் கோரிக்கையிலோ அவருடைய வாக்குச்சீட்டிலோ இருக்கக்கூடாது. அவருடைய மாகாண அரசியலை நான் இப்படித்தான் வாசிக்கிறேன்.

பூனா ஒப்பந்தத்துக்கு வருவோம். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பு, தனித்தொகுதி முறையில் மாகாண சட்டமன்றங்களில் 71 இடங்களை நமக்கு ஒதுக்கியது. காந்தியின் உண்ணாவிரதத்துக்குப் பிறகு செப்டம்பர் 24இல் கையெழுத்தான ஒப்பந்தம் அதை 148 ஆக்கியது. சென்னை மாகாணத்துக்கு மட்டும் 30. எண்ணிக்கை கூடியது, தேர்ந்தெடுக்கும் கை மாறியது. இறுதித் தேர்தலில் அந்தத் தொகுதியின் மொத்த வாக்காளர்களும், அதாவது பெரும்பான்மையாகச் சாதி இந்துக்களும், வாக்களிப்பார்கள். ஒப்பந்தத்தில் அம்பேத்கர், எம்.சி.ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோரோடு ராஜாஜியும் கையெழுத்திட்டார். கையெழுத்து முடிந்ததும் அம்பேத்கரும் ராஜாஜியும் பேனாக்களை மாற்றிக்கொண்டார்கள் என்பது பலரும் சொல்லும் செய்தி. ஆறு ஆண்டுகள் கழித்து அந்தக் கையெழுத்துக்கு என்ன பொருள் என்பது சென்னைச் சட்டமன்றத்தில் தெரிந்தது.

இடையில் ஒரு சம்பவம் உண்டு. ஒப்பந்தத்தின் சூட்டில் ரங்க ஐயர் மத்தியச் சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். 1933 தொடக்கத்தில் ராஜாஜி டெல்லியில் தங்கி அதற்கு ஆதரவு திரட்டினார். 1934இல் தேர்தல் நெருங்கியதும் காங்கிரஸ் மசோதாவைக் கைவிட்டது. ரங்க ஐயர் அவையிலேயே காங்கிரசையும் ராஜாஜியையும் கடுமையாகச் சாடிவிட்டு மசோதாவைத் திரும்பப் பெற்றார். வாக்கு வேண்டும் என்றால் கோயில் காத்திருக்கலாம்.

1937 தேர்தலில் சென்னை மாகாணத்தின் 215 இடங்களில் 159ஐ காங்கிரஸ் வென்றது. ஒதுக்கப்பட்ட 30 இடங்களிலும் பெரும்பாலானவை அதன் கைக்கே போயின. ராஜாஜி நின்றது பல்கலைக்கழகத் தொகுதியில், பட்டதாரிகளின் வாக்கில். ஜூலை 14 அன்று பதவியேற்றார். அமைச்சரவையில் வி.ஐ.முனுசாமிப் பிள்ளை இருந்தார். ஒரு தலித் அமைச்சர் என்பது அன்றைக்குச் சிறிய விஷயமல்ல.

அந்த ஆட்சியின் பிற காரியங்களை விரைவாகத் தொட்டுச் செல்கிறேன். அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. இதில் மட்டும் சற்று நிற்க வேண்டும். ராஜாஜியின் சாதனைப் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் இருப்பது இந்தச் சட்டம். வட்டியில் மூழ்கிக்கிடந்த உழவர்களுக்கு அது உண்மையிலேயே மூச்சு கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் 'விவசாயி' யார்? நிலத்தில் உரிமையோ குத்தகைப் பாத்தியதையோ உள்ளவர். வயலில் இறங்கி நாற்று நட்டு, அறுத்து, களத்தில் அடிக்கும் நிலமற்ற கூலி அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரிடம் வாங்கிய கடனுக்காக மகனைப் பண்ணையில் விட்ட ஒரு பள்ளரோ பறையரோ சட்டத்தின் கண்ணில் விவசாயி இல்லை. யாரும் அவரைத் திட்டமிட்டு விலக்கவில்லை. வரையறையை எழுதியபோது அவர் நினைவுக்கு வரவில்லை, அவ்வளவே. இந்த மறதியும் நம் வரலாற்றின் ஒரு பகுதி.

கட்டாய இந்திக்கு எதிராக 1938இல் கிளர்ச்சி எழுந்தபோது, சுதந்திரப் போராளிகள் மீது பிரிட்டிஷார் ஏவிய குற்றவியல் திருத்தச் சட்டத்தையே ராஜாஜி அரசு எடுத்துப் பயன்படுத்தியது. 1,198 பேர் கைது. 1939 ஜனவரி 15இல் சிறைவாசத்தின்போது நோயுற்று இறந்த நடராசன் ஒரு தலித் இளைஞர். 'தாளமுத்து நடராசன்' என்று கட்டடத்துக்குப் பெயர் வைத்தவர்கள் கூட அதைச் சொல்ல அவசரப்படுவதில்லை.

இப்போது 1938க்கு வருகிறேன். என் உரையின் மையம் இது.

எம்.சி.ராஜா யார் என்று இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1922இல் 'பறையர்', 'பஞ்சமர்' என்ற சொற்களுக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' என்று அரசு ஆவணங்களில் எழுதவைத்தவர். புளியந்தோப்புக் கலவரத்துக்குப் பிறகு நீதிக் கட்சியிலிருந்து விலகியவர். பிறகு மூஞ்சேயோடு ஒப்பந்தம் போட்டு, கூட்டுத்தொகுதியை ஏற்றுக்கொண்டு அம்பேத்கருக்கு எதிர் முகாமில் நின்றவர். இந்த நிலைப்பாட்டுக்காக இன்றும் நம்மில் பலர் அவரை மன்னிப்பதில்லை. ஆனால் அதன் தர்க்கம் எளிமையானது: இந்து சமூகத்துக்குள்ளேயே நியாயம் கிடைக்கும் என்று அவர் நம்பினார். கூட்டுத்தொகுதியை ஏற்றதே, சாதி இந்துத் தலைமை தன் வாக்கைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கைக்கு 1938இல் ஒரு தேர்வு வைத்தார். காந்தியின் ஆள் பிரதமர். சட்டமன்றத்தில் அசைக்க முடியாத பெரும்பான்மை. இதைவிட நல்ல தருணம் வராது.

முதலில் சமூக இயலாமைகளை நீக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். பொதுக் கிணறு, சாலை, போக்குவரத்து, அரசு வேலை ஆகியவற்றில் தீண்டாமை பாராட்டுவதைத் தடுக்கும் சட்டம். ராஜாஜி ஆதரித்தார். நிறைவேறியது. அடுத்து மாகாணம் முழுவதற்குமான கோயில் நுழைவு மசோதா. இந்த முறை ராஜாஜி மசோதாவைத் திரும்பப் பெறச் சொன்னார். மலபாருக்கு மட்டும் அரசே ஒரு மசோதா கொண்டுவரும். 1936இல் திருவிதாங்கூர் பிரகடனம் வந்ததால் அங்கே பொதுக்கருத்து கனிந்திருக்கிறது, மற்ற பகுதிகள் காத்திருக்கலாம் என்றார். ராஜா மறுத்தார். மசோதா வாக்கெடுப்புக்கு வந்து பெரும் வித்தியாசத்தில் தோற்றது. கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட காங்கிரஸ் தலித் உறுப்பினர்கள் அந்த மசோதாவைக் காப்பாற்ற வரவில்லை, வரவும் முடியாது. பூனாவில் ராஜா ஏற்றுக்கொண்ட தேர்தல் முறை எப்படிப்பட்ட பிரதிநிதியை உருவாக்கும் என்பதை அவர் கண்ணெதிரே கண்டார். காந்திக்குக் கடிதம் எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்பதுதான் காந்தியின் பதிலின் சாரம். அந்தக் கடிதங்களை அம்பேத்கர் 1945இல் காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்தது என்ன என்ற தன் நூலில் சேர்த்துப் பதிவு செய்தார். ஒரு காலத்தில் எதிர் முகாமில் நின்றவரின் காயத்தை அம்பேத்கர் ஆவணமாக்கியது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் விஷயம்.

மலபார்ச் சட்டம் நிறைவேறியது. அதன்படி கோயிலைத் திறக்கலாமா என்று வாக்கெடுக்க வேண்டும். யாரிடம்? சாதி இந்து வாக்காளர்களிடம். தீண்டப்படாதவர் வாசலுக்கு வெளியே நின்று முடிவு தெரியும்வரை காத்திருப்பார்.

கோயிலுக்குள் போவது அவ்வளவு முக்கியமா என்று இங்கே சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்க வேண்டும். 1933 பிப்ரவரியிலேயே அம்பேத்கர் கோயில் நுழைவில் தனக்குப் பெரிய ஆர்வம் இல்லை என்று அறிவித்துவிட்டார். ஆனால் 1938இல் சட்டமன்றத்தில் அடிபட்டது சாமி கும்பிடுகிற ஆசை அல்ல. தலித்துகளின் வாழ்வு குறித்த சட்டத்தை ஒரு தலித் உறுப்பினர் எழுதலாமா, அல்லது அதற்கும் சாதி இந்துத் தலைவர் நாள் குறித்துத் தர வேண்டுமா என்பதே பிரச்சினை. கிணறு, சாலை மசோதாவுக்குச் சரி என்றவர் இதற்கு மட்டும் மறுத்தது அதனால்தான் என்று கருதுகிறேன். கிணறு பொதுச்சொத்து. கோயில் சாதி இந்துவின் சொந்த வீடு என்ற எண்ணம் ராஜாஜிக்கு உள்ளூர இருந்தது. வீட்டுக்காரர் அழைத்தால் வரலாம்.

அப்படி அழைத்தபோது அவர் மின்னல் வேகத்தில் செயல்பட்டார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். 1939 ஜூலை 8 அன்று மதுரையில் அ.வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்ட தலித் தோழர்களும் ஒரு நாடாரும் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வைதீகர்கள் வழக்கு, தண்டனை என்று மிரட்டினார்கள். உள்ளே அழைத்துச் சென்றவர்களையும் கோயில் அதிகாரிகளையும் காப்பாற்ற ராஜாஜி அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்தது, சில வாரங்களில் அதை முறையான சட்டமாக்கியது. முந்தைய ஆண்டு மாகாணம் முழுவதற்கும் கனியாத பொதுக்கருத்து இப்போது கனிந்துவிட்டதா? இருக்கலாம். ஆனால் அந்தச் சட்டத்தின் உள்ளடக்கத்தைப் பாருங்கள். கோயிலுக்குள் போகத் தலித்துகளுக்கு அது உரிமை தரவில்லை. வழிபடுவோர் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர்கள் கருதினால், அரசின் ஒப்புதலோடு அவர்கள் கோயிலைத் திறந்துவிடலாம். அதிகாரமும் பாதுகாப்பும் அறங்காவலருக்கு. உரிமை என்ற வடிவில் கோயில் நுழைவு சட்டமானது 1947இல், ஓமந்தூரார் ஆட்சியில்.

'வழிபடுவோர் எதிர்க்கவில்லை என்றால்' என்ற அந்த வாசகம் 1947இல் சட்டப் புத்தகத்திலிருந்து போனது. கோட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து இன்னும் போகவில்லை. களத்தில் வேலை செய்பவர்களுக்கு 'சமாதானக் கூட்டம்' என்றால் என்னவென்று தெரியும். சேரிக்காரர்கள் ஐந்து பேர், ஊர்க்காரர்கள் ஐந்து பேர், நடுவில் வட்டாட்சியர். அரசியல் சட்டம் தந்துவிட்ட ஒரு விஷயத்துக்கு ஊரின் சம்மதம் கேட்கப்படும். சம்மதம் கிடைக்காவிட்டால் கோயிலுக்கே பூட்டு. 2023இல் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் திரௌபதி அம்மன் கோயிலுக்கு வருவாய்த்துறை முத்திரை வைத்தபோது, அந்த நடைமுறையில் எனக்கு 1939தான் தெரிந்தது. ஆள்வது எந்தக் கட்சி என்பது இதில் பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை.

1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவைகள் பதவி விலகின. பாகிஸ்தான் கோரிக்கையில் சமரசம் வேண்டும் என்று சொல்லி ராஜாஜி காங்கிரசிலேயே தனிமைப்பட்டார். 1946இல் அம்பேத்கரின் நூலுக்கு மறுப்பாக ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகம் எழுதினார். பேனா மாற்றிக்கொண்டவர்களின் கதை அங்கே வந்து நின்றது.

1952 தேர்தலில் சென்னை மாநிலத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. கம்யூனிஸ்டுகளுக்கு 62. ஆட்சி கைவிட்டுப் போகிற நிலையில் காங்கிரஸ் ராஜாஜியை அழைத்துவந்தது. அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அவரை மேலவைக்கு நியமித்தார். 1937இல் பட்டதாரிகள் வாக்கில் வந்தவர், 1952இல் வாக்கே இல்லாமல் முதலமைச்சரானார். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் தேர்தலுக்குப் பிறகு இது நடந்தது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரிகள் என்று அறிவித்துவிட்டு ஆட்சியைத் தொடங்கினார்.

கம்யூனிஸ்டுகளுக்கு அந்தப் பலம் கிடைத்த இடங்களில் ஒன்று கீழத் தஞ்சை. 1940களில் பி.சீனிவாசராவ் போன்றோர் சேரிகளில் தங்கிக் கட்டிய விவசாயிகள் சங்கம், சாட்டையடியையும் சாணிப்பாலையும் எதிர்த்துப் பண்ணையாட்களைத் திரட்டியிருந்தது. பண்ணையாட்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். ராஜாஜி பொறுப்பேற்ற சில மாதங்களில், 1952 ஆகஸ்டில், தஞ்சை சாகுபடியாளர் – பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. குத்தகைக்காரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு. பண்ணையாளை நினைத்தபோது வெளியேற்றக்கூடாது. கூலிக்குக் குறைந்தபட்ச அளவு. மிராசுதார்கள் கொதித்தார்கள். நம் தோழர்கள் சிலருக்கு இது வியப்பாக இருக்கும். நில உச்சவரம்பை வாழ்நாளெல்லாம் எதிர்த்தவர், மிராசுதார்களின் கட்சியென்றே பெயர் வாங்கிய காங்கிரசின் முதல்வர், பண்ணையாளுக்குச் சட்டம் போட்டார்.

போட்டதற்குக் காரணம் செங்கொடி என்பதில் சந்தேகமில்லை. சேரிகளின் போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் இல்லை. ஆனால் நான் சட்டத்தின் தலைப்பையே மறுபடி மறுபடி வாசித்துப் பார்க்கிறேன்: பண்ணையாள் பாதுகாப்பு. பண்ணையாள் பண்ணையாளாகவே இருப்பதற்கான பாதுகாப்பு அது. ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு, அதாவது 6⅔ ஏக்கருக்கு, மேல் வைத்திருப்பவர்களுக்கே அது பொருந்தும். நிலம் கைமாறாது. மிராசுதார் மிராசுதாராகவும் பண்ணையாள் பண்ணையாளாகவும் இருந்துகொண்டு, மேலிருப்பவர் கொஞ்சம் தாராளமாக நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் சட்டத்தின் உலகம். ராஜாஜியின் ஒழுங்கான கிராமம் பற்றிய கனவும் இதுவே. மிராசுதார்கள் பலர் அந்த உலகத்தையும் ஏற்கவில்லை. பண்ணையாள் என்ற உறவையே கைகழுவி, அதே ஆட்களைத் தினக்கூலிகளாக மாற்றிக்கொண்டார்கள். தினக்கூலிக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை.

அடுத்த ஆண்டு வந்தது புதிய தொடக்கக் கல்வித் திட்டம். அதிகாரபூர்வ ஆவணங்களில் 'குலம்' என்ற சொல் கிடையாது. கிராமப்புறத் தொடக்கப்பள்ளிகளில் நாளொன்றுக்கு 3 மணி நேரம் மட்டும் பாடம், இரண்டு ஷிப்டுகளாக. மீதி நேரத்தில் குழந்தைகள் பெற்றோரிடமிருந்து தொழில் கற்பார்கள். நகராட்சிப் பகுதிகளுக்கு இது கிடையாது. தன் கட்சியைக் கூடச் சரியாகக் கலந்துகொள்ளாமல் ராஜாஜி அறிவித்தார்.

திட்டத்துக்கு ஆதரவாக அன்று சொல்லப்பட்ட வாதத்தை நேர்மையாக எடுத்து வைக்க வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைகளில் பெரும்பகுதியினர் பள்ளிக்கே வரவில்லை. புதிய கட்டடத்துக்கும் ஆசிரியருக்கும் பணம் இல்லை. ஷிப்டு முறை வைத்தால் இருக்கிற கட்டடத்திலும் ஆசிரியரைக் கொண்டும் இரு மடங்கு குழந்தைகளைச் சேர்க்கலாம். இது நிர்வாக வாதம், அபத்தமானதல்ல. அப்படியானால் ஷிப்டு முறையை மட்டும் அறிவித்திருக்கலாம். மீதி நேரத்தில் குழந்தை என்ன செய்ய வேண்டும் என்று அரசு சொல்ல வந்த இடத்தில்தான் நிர்வாகம் முடிந்து சமூகத் தத்துவம் தொடங்குகிறது.

பெற்றோர் தொழிலைத்தான் கற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வேறு கைவினைஞரிடமும் கற்கலாம் என்று இன்றும் வாதிடுபவர்கள் உண்டு. நல்லது. எந்தக் கொல்லர் பட்டறை சேரிப் பிள்ளையை உள்ளே விடும்? எந்தத் தட்டார், எந்தத் தச்சர்? தொழிலைச் சாதியிலிருந்து பிரித்துப் பார்க்க முடிவதே, தொழில் தன் மேல் எழுதப்படாத வீட்டில் பிறந்தவருக்குக் கிடைத்த வசதி.

குலக்கல்வி பற்றிய நம் நினைவிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. திராவிட இயக்க மேடைகளில் அந்தக் கதை வண்ணார் மகன் துணி வெளுக்க வேண்டுமா, நாவிதர் மகன் சிரைக்க வேண்டுமா என்ற கேள்விகளால் சொல்லப்பட்டது. கேள்விகள் நியாயமானவை, அந்தப் போராட்டம் இல்லாவிட்டால் திட்டம் விழுந்திருக்காது. ஆனால் தஞ்சைப் பண்ணையாளின் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குக் கற்றுக்கொள்ள ஒரு 'தொழிலே' கிடையாது. அவன் ஏற்கெனவே மிராசுதாரின் மாடு மேய்க்கிறான். பள்ளிக்கூடம் அவனை அந்த மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு நாளில் சில மணி நேரம் பிரித்துவைக்கிற ஒரே இடம். அந்த நேரத்தைப் பாதியாகக் குறைத்து மீதியைப் 'பெற்றோரின் தொழிலுக்கு' என்று அரசே எழுதிக் கொடுத்தால், அது போய்ச் சேரும் இடம் பண்ணை. மலம் அள்ளும் குடும்பத்துப் பிள்ளையைப் பற்றி நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1952இன் சட்டத்தையும் 1953இன் திட்டத்தையும் தனித்தனியாக வைத்தால் ஒன்று முற்போக்கு, மற்றொன்று பிற்போக்கு. சேர்த்து வாசியுங்கள். அப்பன் பண்ணையாளாக நல்ல கூலியோடு இருப்பான், மகன் அரை நேரம் எழுத்தறிந்த பண்ணையாளாக வளர்வான். இரண்டும் ஒரே கிராமத்துக்கான வரைபடம்.

1953 ஜூலை இறுதியில் சட்டமன்றத்தில் திட்டத்தைக் கைவிடக் கோரிய தீர்மானத்துக்கு ஆதரவு 138, எதிர்ப்பு 138. அவைத்தலைவர் நாற்காலியில் இருந்தவர் ஜெ.சிவசண்முகம் பிள்ளை, அந்த இடத்துக்கு வந்த முதல் தலித். தீர்மானம் நிறைவேறவில்லை. திட்டத்தை நிறுத்திவைத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பக் கோரும் தீர்மானம் 139க்கு 137 என்ற கணக்கில் வென்றது. பாருலேகர் குழு திட்டத்துக்குச் சாதகமாகவே சொன்னது. அதற்குள் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி ராஜாஜியிடமிருந்து நழுவிவிட்டது. 1954 ஏப்ரல் 13இல் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே கல்வி அமைச்சர் சி.சுப்பிரமணியம் திட்டத்தைத் திரும்பப் பெற்றார். காமராஜர் அமைச்சரவையில் அறநிலையத்துறை பி.பரமேசுவரன் என்ற தலித்திடம் கொடுக்கப்பட்டது. ராஜாஜி வரைந்த வட்டத்துக்கு வெளியே ஒரு கோடு போடும் அரசியல் அது. ஆனாலும் காமராஜர் காலத்தில் நிலம் சேரிக்கு வந்ததா என்பது தனி உரைக்கான விஷயம், இங்கே திறக்கவில்லை.

அதன் பிறகு ராஜாஜியின் பழமைவாதம் தன் முழு உருவத்தில் வெளிப்பட்டது. 1959இல், கூட்டுப் பண்ணை பற்றிய நாகபுரித் தீர்மானத்தை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி பிறந்தது. ஜமீன்தார்கள், முன்னாள் மன்னர்கள், ஆலை முதலாளிகள் சேர்ந்தார்கள். 1967இல் தி.மு.க.வோடு கூட்டணி வைத்துத் தமிழகத்தில் 20 இடங்கள் வென்றது. குலக்கல்வியை எதிர்த்து வளர்ந்தவர்கள் அதை அறிவித்தவரின் ஆசியோடு கோட்டைக்குப் போனார்கள். தேர்தல் கணக்கு வேறு, கொள்கை வேறு என்று சமாதானம் சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டபோது பிரச்சினை அரைப்படி நெல் கூலி. 1952இன் சட்டம் தொடாமல் விட்ட தினக்கூலிகள் அவர்கள்.

எம்.சி.ராஜா 1943 ஆகஸ்டில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு கிரிப்ஸ் வந்தபோது அவர் அம்பேத்கரோடு சேர்ந்து போய் அவரைச் சந்தித்தார். 1932இல் எதிரெதிராக நின்ற இருவர் பத்தாண்டுகளில் ஒரே மேசைக்கு வந்ததற்குப் பல காரணங்கள் உண்டு. 1938இல் சென்னைச் சட்டமன்றத்தில் ராஜாவின் மசோதாவுக்கு நேர்ந்தது அவற்றில் முதன்மையானது என்று நான் நினைக்கிறேன். அந்த விவாதங்கள் சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகளில் ஆங்கிலத்தில் அச்சாகிக் கிடக்கின்றன. ராஜாஜியின் பேச்சுகளைப் பல பதிப்புகளாகப் போட்டிருக்கிறோம். அன்று அவருக்கு எதிரே எழுந்து நின்றவரின் பேச்சு நம் மாணவர்கள் கைக்கு எளிதில் கிடைக்கும்படி தமிழில் இல்லை. ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் இங்கே இருந்தால் அந்தத் தொகுதிகளிலிருந்து தொடங்கலாம். உரை முடிந்ததும் என்னிடம் வாருங்கள், எந்த ஆண்டுத் தொகுதியை முதலில் கேட்டு வாங்க வேண்டும் என்று எழுதித் தருகிறேன்.